தண்ணீர் வந்த உயரம்

கொக்கிப் பெட்டியைத் தேடித் திரைக்குப் பின்னால் போன தையல்காரி, தன் மகள் அந்தப் பேச்சை எடுப்பதை முதல்முறையாகக் கேட்டாள்.

"அசையாம நில்லுங்கக்கா. எங்க பழைய வீட்ல தண்ணி முதல்ல இங்க வந்துச்சு," என்று ஒன்பது வயதுக்காரி அளவு நாடாவை வாடிக்கைக்கார நர்ஸின் முழங்காலில் வைத்தாள். "அப்புறம் இடுப்புக்கு." பள்ளி விட்டு வந்தால் நீள அளவெடுப்பது அவள் வேலை. கையைத் தூக்கிக்கொண்டு அளவுக்கு நிற்பவர் எங்கே ஓடிவிட முடியும்?

வெள்ளம் வடிந்து ஏழு மாதமாகிறது. பிள்ளையிடம் அதைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்று உறவுக்காரர், டீச்சர், பக்கத்து வீடு எல்லார் வாய்க்கும் பூட்டுப் போட்டவள் தையல்காரிதான். ஊர் வாயையே மூடிவிட்டோம் என்று பெருமை வேறு. மகளும் வீட்டில் வாய் திறக்காததால் மறந்துவிட்டாள் என்று நம்பினாளே, அது சுத்த அசட்டுத்தனம். உண்மையில் அந்தப் பூட்டு பிள்ளைக்காக மட்டும் இல்லை. அன்று மகளைத் தையல் மேசைமேல் ஏற்றி நிறுத்திவிட்டு, கைக்குழந்தையை முதலில் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடியவள் அவள். ஏன் என்னை விட்டுட்டுப் போனே என்று மகள் கேட்டுவிடுவாளோ என்று உள்ளூரக் கிலி.

நர்ஸ் போனதும் மகளிடம் கேட்டாள். "எத்தன பேர்கிட்ட சொல்லியிருக்கே?"

"அளவு குடுக்க வர்றவங்க எல்லார்கிட்டயும். ஸ்கூல்ல என் பெஞ்சுக்காரிகிட்டயும்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ அழுவே. அப்புறம் நான் பாதியிலயே நிறுத்தணும்."

சரியான பதில்தான். துணியில் கத்தரி வைத்த பிறகு தயங்கினால் வெட்டு கோணும் என்பது தையல்காரிக்குத் தெரியாததா? நர்ஸ் நின்ற இடத்தில் போய் நின்று இரண்டு கைகளையும் தூக்கினாள்.

"அழுதாலும் நிறுத்தாத. சொல்லு."

மகள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அவ்வளவாக நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் நாடாவை எடுத்துவந்து அம்மாவின் இடுப்பில் வைத்தாள்.

"நீ தம்பியத் தூக்கிட்டுப் போறப்போ இங்க." நாடா மேலே ஏறி நெஞ்சில் நின்றது. "திரும்பி வர்றப்போ இங்க."

"பயந்துட்டியா?"

"நீ வருவேன்னு தெரியும். கோவம்தான்."

"இப்பவும் இருக்கா?"

"கொஞ்சம்."

தையல்காரிக்குக் கண் நிறைந்து வழிந்தது. துடைக்கக் கையை இறக்கப் போனாள்.

"கைய இறக்காதம்மா, இன்னும் முடியல," என்ற மகள், கட்டைவிரலை அம்மாவின் நெஞ்சில் அழுத்தி நாடாவைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரில் மேசை ஆட ஆரம்பித்த இடத்திலிருந்து சொல்லத் தொடங்கினாள்.