விதைக்கு விட்ட வெண்டி

எங்கள் தோட்டத்து வெண்டி ஆளுயரம் நின்றது. சுன்னாகம் சந்தைக்குப் போகிறவர்கள் எல்லாம் சைக்கிளை நிறுத்தி மெச்சினார்கள். எனக்கோ அது கசந்தது. இது கறிக்கு நட்டதில்லை, விதைக்கு விட்டது. அடுத்த போகத்துக்கு ஊரில் பத்து வீடு எங்கள் விதையை நம்பி இருந்தது. மூன்று மாதமாகியும் இலைதான் கரும்பச்சையாகப் பெருத்தது. செடிக்கு ஒன்றிரண்டு பிஞ்சுக்கு மேல் இல்லை. மாரி தொடங்க இரண்டு கிழமை இருந்தது. மழை விழுந்தால் அதுவும் அழுகிவிடும்.

காரணம் எனக்குத் தெரியும்: யூரியா கூடினால் இலைதான் பெருக்கும், காய் பிடிக்காது. உரம் கிடைக்காத அந்த வருடம் எங்கள் செடிகள் மஞ்சளித்து, முழங்கால் உயரத்திலேயே செத்தன. அந்தப் பயத்தில்தான் இந்தமுறை கணவருக்குத் தெரியாமல் ஒரு வேலை செய்தேன்.

அன்று பின்னேரம் தண்ணீர் இறைப்பு முடிந்ததும் கணவர் பரமலிங்கத்திடம் சொல்லிவிட்டேன்.

"இஞ்சருங்கோ, நீங்கள் யூரியா போட்ட அடுத்த நாள், நானும் வரிசைக்கு ஒரு சிரட்டை போட்டனான்."

ஏசுவார் என்று காத்து நின்றேன். பரமலிங்கம் மண்வெட்டியை மெல்லக் கீழே வைத்தார். முகம் வெளிறியிருந்தது.

"நானும்தான். உமக்குத் தெரியாமல் இன்னொருக்காப் போட்டனான்."

காற்று வந்தது. எங்களோடு ஒரே நாளில் நட்ட பக்கத்துத் தோட்டத்துச் சுதாகரனின் இடுப்பளவு வெண்டியில், காய்ந்த காய்களுக்குள் விதை கலகலவென்று குலுங்கியது. எங்கள் பக்கம் இலை மட்டும் அசைந்தது.