கடைசி வரிசைச் செலோ

...ஒலி நின்றிருக்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை, தந்தியை இறுக்கும் முறுக்காணி விரலுக்குள் வழுக்கிவிட்டது, அவ்வளவுதான், ஆனாலும் யாரும் அவளை வீட்டுக்குப் போகச் சொல்லவில்லையே... செலோப் பெட்டியை முதுகில் சுமந்து லா ஷப்பல் மெத்ரோ ரயில் நிலையப் படிகளில் இறங்கினாள் தயாளினி. இசைக்குழுவில் சேர்ந்து நாலு மாதம், இன்னும் சோதனைக் காலம், கடைசி வரிசை, அதிலும் அந்த இடம் அவளுக்கே வந்தது. முழுக் குழுவும் அடங்கியபின் ஒரே ஒரு செலோ, ஒரு கையால் வில்லை இழுத்தபடியே மறு கையால் முறுக்காணியைத் திருப்பி, மிகத் தடித்த தந்தியைத் தளர்த்த வேண்டும், ஒலி மெல்ல இரண்டு சுரம் இறங்க வேண்டும். சிம்பொனியை எழுதிய மர்கரீத் ஏன் இதை முதல் வரிசைக்குக் கொடுக்கவில்லை? ஒலி எங்கிருந்து வருகிறது என்று கேட்பவருக்குத் தெரியக்கூடாதாம். இன்றைய ஒத்திகையிலோ அது இரண்டில் நிற்காமல் ஐந்து, ஆறு என்று சரிந்து, சுரமே இல்லாத உறுமலாகி, தந்தி மரத்தில் மோதிப் படபடத்தது... வில்லை நிறுத்தியிருக்கலாம், ஏன் நிறுத்தவில்லை? நடத்துநர் தியரி கையை உயர்த்தியபோது, முடிந்தது, இனி பழையபடி புறநகர்த் திரான்சியில் பிள்ளைகளுக்கு வகுப்புத்தான் என்றுகூட நினைத்துவிட்டாள். மர்கரீத் எழுந்து வந்து, எழுதியதைவிட இதுதான் சரி, நாளைக் கச்சேரியிலும் இப்படியே என்று சொல்லி, தாளில் பழையதைப் பென்சிலால் வெட்டினாள். ஒத்திகை முடிந்ததும் தியரி தனியே கூப்பிட்டு, வேலை நிரந்தரம் என்றார்.

ரூ காய் தெருவில் அப்பா தவரத்தினம் சமைக்கும் உணவகம், ஒத்திகைக்கு வந்து பின்னால் இருந்துவிட்டு அந்த உறுமல் கேட்ட கையோடு வேலைக்கு நேரமாகிறது என்று பாதியில் போனவர், இப்போது செய்தியைக் கேட்டுக் கைகளை ஏப்ரனில் துடைத்துக்கொண்டே நின்றார், துடைத்து முடியவில்லை. பால் விடாத பிளேன்டீயை அவள் முன் வைத்து, குரலைத் தாழ்த்தினார்.

"கை வழுக்கினதெல்லோ, பிள்ளை? நான் ஒருத்தரிட்டையும் சொல்லேல்லை."

சங்கீதம் தெரியாத மனிதர், அத்தனை வாத்தியங்களுக்கு நடுவில் இவள் கையை மட்டுமே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்... ஒருவரிடமாவது மறைக்க வேண்டியதில்லை என்பது எவ்வளவு ஆறுதல்.

"ஓம் அப்பா, வழுக்கினதுதான்."

சொன்னதும் சிரிப்பு வந்தது, அவருக்கும் வந்தது, அவள் தோள் இரண்டும் அப்போதுதான் இறங்கின. இரண்டாவது மிடறில்தான் உறைத்தது, தானாய் வழுக்கியதை நாளைக்கு வேண்டுமென்றே எப்படி வழுக்க விடுவது?