நேர்ச்சைத் துப்பாக்கி

புனித செபஸ்தியார் சிற்றாலயத்தின் வடசுவரில், மெழுகுக் கைகளுக்கும் வெள்ளிக் கண்களுக்கும் நடுவே, நூறாண்டுக்கும் மேலாக ஒரு துப்பாக்கி தொங்கிக்கொண்டிருந்தது. போருக்கோ வேட்டைக்கோ செய்யப்பட்டதன்று. இலக்கைச் சுடும் போட்டிக்கென்றே பிறந்த ஒற்றைத்தோட்டாத் துப்பாக்கி. கன்னம் சாயும் இடத்தில் அதன் மரம் ஒருவனுடைய முகத்துக்கு மட்டுமே பொருந்துமாறு குழிக்கப்பட்டிருந்தது. போட்டியில் வென்ற யாரோ நன்றியாகத் தந்த நேர்ச்சை என்பது ஊரார் எண்ணம். தோட்டா புகும் வாயை அடைக்கும் இரும்புக் கட்டை மட்டும் அதில் இல்லை. ஆண்டவர் இல்லத்துக்குள் ஆயுதம் ஊமையாகத்தானே வரவேண்டும் என்று அதற்கும் ஒரு காரணம் சொல்லிக்கொண்டார்கள்.

லியொன்ஹார்ட் மான்சர் கால்நடை மருத்துவன். அப்பென்செல் மலைகளில் அவன் கை படாத தொழுவம் குறைவு. ஞாயிறுதோறும் திருப்பலியின் நடுவே அவன் கண்கள் பீடத்தை விட்டு வடசுவருக்கு நழுவும். அவன் மனைவி ரெகுலா முழங்கையால் இடித்து, "சாமி அந்தப் பக்கம் இல்ல" என்பாள்.

ஆலயக் கூரையின் உத்தரங்கள் உளுத்துப்போன ஆண்டு, பங்குக்குழு சில பழம்பொருள்களை விற்க முடிவு செய்தது. வடசுவரில் துப்பாக்கியின் வடிவத்தில் வெளிறிய தடம் ஒன்று எஞ்சியது. துப்பாக்கி லியொன்ஹார்டின் வீட்டுக்கு வந்தது.

அவன் வீட்டு மாடியில் அதைப்போன்றவை ஒரு சுவர் நிறைய இருந்தன. ஒவ்வொன்றையும் ஒருமுறையேனும் சுட்டுப் பார்ப்பான். ஆனால் குறிபார்க்கும் துளையான குறிக்கண்ணை மட்டும் தொடமாட்டான். இறந்துபோன பழைய சொந்தக்காரன் கடைசியாகத் திருப்பி வைத்த குறியை மாற்றுவது, கல்லறையில் பொறித்த பெயரை மாற்றுவதற்கு ஒப்பானது என்பது அவன் கொள்கை. வந்ததை வந்தபடியே காப்பது அவனுக்கு ஏறத்தாழ ஒரு வழிபாடு. அப்படிப்பட்டவனுக்கு அடைப்புக் கட்டை இல்லாத இந்தத் துப்பாக்கி, விழி பெயர்ந்த திருவுருவம்போல் உறுத்தியது. உறுப்புகள் எல்லாவற்றிலும் ஒரே எண் பொறித்திருந்தது. அந்த எண்ணைத் தாங்கிய கட்டை இவ்வுலகில் எங்கோ இருக்கவேண்டும் என்று ஏங்கினான்.

அது கிடைத்த இடம் அவன் கனவிலும் நினையாதது. மேட்டுப் பண்ணையில், கைம்பெண் அட்லா கோஸ்டரின் பசு கன்று ஈன முடியாமல் துடித்தது. விடியல் தொடங்கி நண்பகல்வரை போராடித் தாயையும் கன்றையும் பிழைக்க வைத்தான். கை கழுவ வீட்டுக்குள் போனபோது, மூலையில் சிலுவையின் காலடியில், மந்திரித்த குருத்தோலைக்குப் பக்கத்தில், கறுத்த இரும்புக் கட்டை ஒன்று கிடந்தது. ஈரக் கையோடு எடுத்துத் திருப்பினான். அதே எண்.

"அத எடுக்காதீங்க, டாக்டர்" என்றாள் அட்லா.

பிறகு அவள் சொன்னதன் சுருக்கம் இது. அவள் கணவனின் கொள்ளுத்தாத்தா டோனிஸ் குறிகாட்டியாக இருந்தவர். இலக்கின் இடப்புறத்துக் குடிலில் அமர்ந்து, குண்டு பட்ட இடத்தை நீண்ட கோலின் முனைத்தட்டால் சுட்டுவது அவர் வேலை. ஒரு திருவிழாப் போட்டியில், குடிலுக்குள்ளேயே மார்பில் குண்டு பாய்ந்து இறந்தார். சுட்டவன் ரூஷ் என்பவன். மயிரிழை தொட்டால் விழும் விசை, கை தவறியது என்று சத்தியம் செய்தான். நீதிமன்றமும் நம்பியது. அதன்பின் அவனே துப்பாக்கியைப் பிரித்து, அதன் உடலைக் கோயிலுக்கும் கட்டையை டோனிஸின் மனைவிக்கும் கொடுத்துவிட்டான், மறுபடி சுடவேயில்லை.

"எங்க மாமியார் சாகும்போது இது ஒண்ணத்தான் சொல்லிட்டுப் போனாங்க. இது இங்க கெடக்கணும், அது கோயில்ல கெடக்கணும், ரெண்டும் ஒரே கூரைக்குக் கீழ வரக் கூடாது."

அந்தத் துப்பாக்கி இப்போது தன்னிடம் இருப்பதைச் சொல்லி, லியொன்ஹார்ட் கட்டையைக் கேட்டான். தொழுவத்தில் கன்று முதல் பாலைக் குடித்துக்கொண்டிருந்த அந்த வேளையில் அவளால் மறுக்க முடியாது என்பதை அறிந்தே கேட்டான். அட்லா கட்டையை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"உங்களுக்குக் குறி காட்டுறது யாரு, டாக்டர்?"

"என் மனைவிதான்."

அவள் தீர்த்தக் கிண்ணத்தில் விரல் நனைத்து, இரும்பின்மேல் சிறு சிலுவை வரைந்து, அவனிடம் நீட்டினாள்.

ரெகுலாவிடம் அவன் எதையும் மறைக்கவில்லை. அவள் மாவு பிசைந்த கையை நிறுத்தாமலே கேட்டாள். "ஒரு குறிகாட்டியக் கொன்னதுக்கு இப்ப இன்னொரு குறிகாட்டியா? நல்ல மரியாதைதான் எனக்கு." அன்றைய குடில் மெல்லிய பலகை என்றும், இன்றைய முன்சுவர் கெட்டி மரக்கட்டைகளால் ஆனது என்றும் அவன் விளக்கினான். மணமான நாள்முதல் அவனுக்குக் குறி காட்டி வந்தவள் அவள். குடிலுக்குள் உட்கார்ந்து கம்பளி பின்னுவது அவளுக்கும் பிடிக்கும். கொஞ்சம் சுட்டுவிட்டுத் திரும்பிவிட வேண்டும் என்ற ஒப்பந்தத்தோடு இசைந்தாள்.

அக்டோபர் இறுதியின் பிற்பகல் ஒன்றில் அவர்கள், டோனிஸ் இறந்த அதே பழைய சுடுகளம் இருந்த பள்ளத்தாக்குக்குப் போனார்கள். காற்றே இல்லை. மூடுபனி மலைச்சரிவின் பாதிவரை இறங்கி, இலக்குக்கு மேலே அசையாமல் நின்றது. ரெகுலா ஓடையைத் தாண்டி, தனக்கே உரிய ஒற்றையடிப் பாதையில் ஏறிக் குடிலுக்குள் புகுந்தாள். அவன் சுடுமேடையில் செங்கொடியை ஏற்றினான். கொடி உச்சியில் பறக்கையில் குறிகாட்டி குடிலை விட்டு வரலாகாது என்பது அந்நாட்டுச் சட்டம்.

நெடுநாள் பிரிந்த கைகள் கோத்துக்கொள்வதுபோல் கட்டை அதன் இடத்தில் அமர்ந்தது. குறிக்கண் இடப்புறமாக நன்றாகவே விலகியிருந்தது. அது நகராதபடி உளியால் கொத்திப் பூட்டியும் இருந்தது. தெற்கிலிருந்து அடிக்கும் வெப்பக்காற்றுக்காக ரூஷ் செய்த கணக்கு என்று லியொன்ஹார்ட் வியந்துகொண்டான். காற்றில்லாத இன்று குண்டு சற்று விலகிப் போகும், போகட்டும். கன்னத்தைச் சாய்த்தான். அவனுக்காகக் குழிக்கப்படாத அந்தக் குழி அவன் முகத்தை முழுதாக ஏற்றுக்கொண்டது. குளிர்ந்திருக்க வேண்டிய மரம் வெதுவெதுப்பாக இருந்தது, சற்றுமுன்தான் யாரோ முகத்தை எடுத்ததுபோல.

சுட்டான். விசையைத் தொட்டோமா என்பதே அவனுக்குத் தெளிவில்லை.

குடிலிலிருந்து காட்டுகோல் நீண்டு, இருபுறமும் அசைந்தது. இலக்கில் படவில்லை என்பது பொருள். மறுபடி சுட்டான். இம்முறை கோல் வரவில்லை. மாறாகச் சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது.

"லியோ, நீ எதச் சுடுற?"

"இலக்கைத்தான். ஏன்?"

"மொத குண்டு சுவர்ல தட்டுச்சு. ரெண்டாவது அதே எடத்துல வந்து பொத்துக்கிட்டு உள்ள வந்துடுச்சு. நாற்காலி முதுகு ஒடஞ்சு கெடக்கு." அவள் குரல் கட்டை அடுக்குவதுபோல் ஒவ்வொரு சொல்லாக வந்தது. "எனக்கு ஒண்ணும் ஆகல."

அவன் கொடியைப் பாதிவரை இறக்கி, உடனே மேடைக்கு வந்துவிடச் சொன்னான். சரிவில் அவள் உருவம் இறங்கி வருவதைப் பார்த்துக்கொண்டே குறிக்கண்ணைத் தடவினான். வெப்பக்காற்றுமில்லை, கணக்குமில்லை. கை தவறவுமில்லை. இந்தத் துப்பாக்கி இலக்குக்காகக் குறி திருத்தப்பட்டதே அன்று. பொறுமையாக, பலநாள் முயன்று, அந்தக் குடிலுக்காகத் திருத்தப்பட்டு, இனி மாறாதபடி பூட்டப்பட்டது. கொலைக்கான குறியைத்தான் அவன் இத்தனை பக்தியோடு காத்து வந்திருக்கிறான்.

இவ்வளவும் அவனுக்கு விளங்கியது. ஆயினும் நெஞ்சின் ஒரு மூலையில் வேறொன்று இனித்தது. அத்தனை தொலைவில் இரண்டு குண்டுகள் ஒரே துளையில். மூன்றாவதும் அதே வழியில் போகுமானால்? ரெகுலா மேடையேறி அவன் அருகில் வந்து நின்றாள். குளிரில் உதடு வெளுத்திருந்தது. அவன் கொடியை மீண்டும் உச்சிக்கு ஏற்றினான்.

"போதும், லியோ."

"ஒண்ணே ஒண்ணு. உள்ள யாரும் இல்லையே, ரெகுலா."

சுட்டான். ஓசை பனிக்குள் புகுந்து மலையில் மோதித் திரும்பியது. அது அடங்கியதும், யாருமற்ற குடிலிலிருந்து காட்டுகோல் வெளியே வந்தது.

அது இலக்கின் பக்கம் போகவில்லை. குடிலின் முன்சுவருக்கு நேராக நின்று, நடுப்புள்ளியில் பட்ட குண்டுக்குச் செய்வதுபோல் முனைத்தட்டை வட்டமாகச் சுழற்றியது. பின், வென்றவனுக்குப் பழங்காலக் குறிகாட்டிகள் செலுத்தும் வணக்கமாக, மெல்லத் தாழ்ந்து எழுந்தது. அப்புறம் அசையாமல் நின்றது, அடுத்த குண்டுக்குக் காத்து.

ரெகுலா சிலுவை அடையாளம் இட்டுக்கொண்டாள். கண்களைக் குடிலிலிருந்து எடுக்காமல் பேசினாள். "ரெண்டு தடவையும் யாரோ என் தோளப் புடிச்சுக் குனிய வெச்சாங்க. பெரிய கை. நூல்கண்டு விழுந்துச்சு, அதான் குனிஞ்சேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்."

"ஃபோன்லயே ஏன் சொல்லல?"

"சொன்னா சிரிப்ப." பிறகு சொன்னாள்: "என்ன வெளிய அனுப்பிட்டு அவரு உள்ளயே இருந்துட்டாரு. நீ அவரச் சுட்டுட்ட."

மறுமொழி சொல்ல வாய் திறந்தபோதுதான் தன் வலக்கை என்ன செய்திருக்கிறது என்பதைக் கண்டான். நான்காவது தோட்டா உள்ளே இருந்தது. அடைப்பு மூடியிருந்தது. விரல் விசையின்மேல் கிடந்தது. எதுவும் அவன் செய்ததாக அவன் நினைவில் இல்லை.

ரெகுலா ஓடிப்போய்க் கொடியை முழுதும் இறக்கினாள். கோல் தாழவில்லை. கொடி இறங்கினால் மட்டும் போதாது. சுடுபவன் தன் ஆயுதத்தை வெறுமையாக்கிக் காட்டினால்தான் குறிகாட்டிக்கு விடுதலை. ரூஷ் அன்று அதைச் செய்திருக்கமாட்டான். ஆளாளுக்குக் கூவி ஓடிய அந்தத் திருவிழாவில், குடிலுக்குள் கிடந்தவருக்கு 'முடிந்தது' என்று சொல்ல யாருக்கும் தோன்றியிராது.

அவன் விரலை விசையிலிருந்து பெயர்க்கப் பார்த்தான். விரல் வரவில்லை. உள்ளங்கையில் மரம் சூடேறியது. நிறைவுற்ற துப்பாக்கி, உறுப்பெல்லாம் ஓரெண். இனி ஒருக்காலும் இப்படி வாய்க்காது என்று அவனுள் ஒன்று கெஞ்சியது. தன்னுடைய குரலேதான் என்பதை அவன் உணர்ந்தான். வேறு எவருடைய குரலும் அன்று. அதுதான் அவனை மிகவும் நடுக்கியது.

"நீ இன்னும் முடிக்கலன்னு அவருக்குத் தெரியுது" என்றாள் ரெகுலா. அதட்டவில்லை. மிரண்ட மாட்டிடம் அவன் பேசும் தொனியிலேயே பேசினாள். "மொதல்ல வெரல எடு. அவசரமில்ல. நான் இங்கதான் நிக்கிறேன்."

விரல் வந்தது. நெம்புகோலைத் தாழ்த்தித் தோட்டாவை எடுத்தான். முளையைத் தட்டி அடைப்புக் கட்டையைக் கழற்றினான். அதை விரித்த உள்ளங்கையில் ஏந்தி, குடிலை நோக்கி, தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தான்.

வேலை முடிந்த ஒருவனின் அலுப்போடு காட்டுகோல் உள்ளே இழுபட்டு மறைந்தது.

இருவரும் ஓடையைத் தாண்டினார்கள். இத்தனை ஆண்டுகளில் அந்த ஒற்றையடிப் பாதையில் அவன் நடந்ததே இல்லை. எங்கே கல் சறுக்கும் என்பதை ரெகுலா முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வந்தாள். குடிலின் முன்சுவரில் ஒரேயொரு துளை இருந்தது, ஒரே குண்டு துளைத்ததுபோல் வட்டமாக. கதவு வெறுமனே சாத்தியிருந்தது. லியொன்ஹார்ட் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கதவைத் தட்டினான்.

"முடிஞ்சுது, டோனிஸ் ஐயா. நீங்க போகலாம். கடவுள் உங்களுக்குப் பலன் குடுப்பாரு."

பிறகு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, வெளியே வருபவருக்கு வழிவிடும் விதமாக, அவர்கள் இருவரும் பாதையின் ஓரத்தில் ஒதுங்கி நின்றார்கள்.