பீரோவா, விலாங்கா

பதினோரு வருடங்களில் நாற்பத்து மூன்று குத்துச்சண்டைகள். யார் ஜெயிப்பார் என்று கணிப்பாளர் ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே எழுதினார், ஒவ்வொன்றிலும் மற்றவன் ஜெயித்தான். கண்ணை மூடிக்கொண்டு நாணயத்தைச் சுண்டிப் போடுகிறவனுக்குக்கூடப் பாதியாவது சரியாக வந்திருக்கும். இவ்வளவு ஒழுங்காகத் தப்பு செய்யத் தனி மூளை வேண்டும். அது அவரிடம் இருந்தது.

அவர் ஏனோதானோ என்று எழுதுகிற ஆசாமி இல்லை, அதுதான் கொடுமை. போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போதே இரண்டு பேரின் பயிற்சிக்கூடத்துக்கும் போவார். ஓரமாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பின்வாங்கும்போது யாருக்குக் கால் பின்னுகிறது, ரவுண்டின் கடைசி அரை நிமிடத்தில் யார் கை தாழ்கிறது என்று நோட்டில் கோடு போட்டு எண்ணுவார். எண்ணி, கூட்டிக் கழித்து, அக்கறையாகத் தப்பு எழுதுவார்.

பத்திரிகை ஆசிரியருக்கு இதில் ஒரு குறையும் இல்லை. வாசகர்கள் முதலில் புரட்டுவதே ‘யார் வெல்வார்?’ பகுதியைத்தான். அதைப் படித்துவிட்டு மற்றவன் வீட்டுக்கு வாழ்த்துச் சொல்லப் போவார்கள். “ஊரே உங்களை நம்பித்தான்யா இருக்கு,” என்று ஆசிரியர் முதுகில் தட்டுவார். கணிப்பாளருக்கு அது விலாவில் விழுந்த குத்து மாதிரி இருக்கும். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. சாவதற்குள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, சரியாகச் சொல்லிவிட வேண்டும்.

நாற்பத்து நான்காவது போட்டி அறிவிக்கப்பட்டபோது அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஒரு பக்கம் பீரோ. அவன் உடம்பைப் பார்த்தவர்கள் அந்தப் பெயர் ஏன் என்று கேட்க மாட்டார்கள். முன்னால் வருவது ஒன்றுதான் அவனுக்குத் தெரியும். அடி வாங்கிக்கொண்டே வருவான், எதிராளியை மூலையில் ஒதுக்குவான், அப்புறம் விலாவில் இடி இடியென்று இடிப்பான். மறுபக்கம் விலாங்கு. பீரோவைவிடப் பதினோரு கிலோ குறைவு. ஒரு குத்து விட்டானென்றால், பதில் குத்து வருவதற்குள் வேறு இடத்தில் நிற்பான்.

இந்த விலாங்கு வேறு யாருமில்லை, கணிப்பாளரின் மச்சினன். மனைவியின் ஒரே தம்பி. நான்கு வருடமாக அவர் வீட்டு ஹாலில்தான் ஜாகை. அந்த நான்கு வருடத்தில் அவனை ஒரு வேலைக்கும் பிடிக்க முடிந்ததில்லை. ‘குழாய் ஒழுகுது’ என்று வாயெடுப்பதற்குள் சாப்பாட்டு மேசையைச் சுற்றி, அக்காவின் கைக்கு அடியில் குனிந்து, வாசலைத் தாண்டியிருப்பான். இவனையா பீரோ மூலையில் மடக்கப் போகிறான்? ஐந்தாவது ரவுண்டில் பீரோவுக்கு மூச்சு வாங்கும். எட்டாவது முடியும்போது புள்ளிக் கணக்கில் விலாங்கு ஜெயிப்பான். கணிப்பாளருக்கு இது உள்ளங்கை நெல்லிக்கனியாகத் தெரிந்தது.

காலையில் மச்சினன் ஓடப் போயிருந்த நேரத்தில் மனைவியிடம் வாய்விட்டுச் சொல்லியும் விட்டார்.

“உன் தம்பிதான் ஜெயிப்பான்னு எழுதப் போறேன்.”

மனைவியின் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. “அவன் உங்களுக்கு என்னங்க பாவம் பண்ணான்?”

“இந்தத் தடவை சரியாத்தான்…”

“நாப்பத்து மூணு தடவையும் இதையேதான் சொன்னீங்க. அவனுக்கு முப்பத்து மூணு வயசு. இதுல தோத்தா கிளவுஸைக் கழட்டிடறேன்னு சொல்லியிருக்கான். உங்க வாயில அவன் பேரே வரக் கூடாது.”

பேனாவையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குத் தப்பி ஓடினார். அங்கே அவருடைய நாற்காலியில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஜன்னலை அடைத்துக்கொண்டு பீரோ நின்றான்.

“நான் இவனைப் பெத்தவ,” என்றாள் அம்மாள். “என் புள்ள சுத்த தண்டம் சார். தோத்துடுவான்னு எழுதிடுங்க. மூணு மாடி ஏறி வந்தான், இன்னும் மூச்சு வாங்குது பாருங்க.”

பீரோ அடக்கமாக மூச்சு வாங்கிக் காட்டினான்.

கணிப்பாளர் வாய் திறப்பதற்குள் கதவு திறந்தது. மனைவி, பின்னாலேயே விலாங்கு.

“மூச்சு வாங்குறதெல்லாம் ஒரு குறையாம்மா?” என்றாள் மனைவி. “என் தம்பிக்குக் கண்ணே சரியாத் தெரியாது.”

விலாங்கு சட்டென்று புரிந்துகொண்டு நாற்காலியில் போய் இடித்துக்கொண்டான்.

“என் புள்ளைக்குப் பயம். கரப்பான் பூச்சியைப் பார்த்தா கட்டில் மேல ஏறிடுவான்.”

“இவன் சாப்பிடறதே இல்ல. ரெண்டு இட்லிக்கு மேல போகாது.”

“இவன் சாப்பிடறதை நிறுத்தறதே இல்ல!”

ஆசிரியர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ரசித்தார். இரண்டு வீரர்களும் தலை குனிந்து, தங்கள் கையாலாகாத்தனத்தை ஒப்புக்கொண்டு நின்றார்கள். திடீரென்று அம்மாள் மேசையில் இருந்த கனமான அகராதியை எடுத்து விலாங்கின் தலையைக் குறிவைத்து வீசினாள். அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் காதளவு நகர்ந்தான். அகராதி சுவரில் போய் மோதியது.

“பார்த்தீங்களா, பார்த்தீங்களா! இவனுக்கா கண்ணு தெரியாது?”

“ஒரு தடவை வாங்கிக்கிட்டா குறைஞ்சா போயிடுவே?” என்று அக்காக்காரி தம்பியின் தோளில் ஒன்று வைக்கப் போனாள். அதற்கும் அவன் விலகிவிட்டான்.

நான்கு மணிக்குள் எழுதிக் கொடுத்தாக வேண்டும். எல்லோரும் கீழே இறங்கிப் போனார்கள், மனைவி மட்டும் படியில் நின்றாள். கத்தவில்லை. “உங்களுக்குச் சரியாச் சொல்லணும்னு எவ்வளவு ஆசைன்னு எனக்குத் தெரியாதா? ஆனா அவனுக்கு இது கடைசிங்க,” என்றாள்.

கணிப்பாளர் எழுதினார்: ‘பீரோ வெல்வார்.’ தப்பு பத்தாதோ என்று தோன்ற, ‘அதுவும் மூன்றாவது ரவுண்டிலேயே’ என்று சேர்த்தார். வாழ்க்கையில் தெரிந்தே எழுதிய முதல் பொய். தன் கைக்குழந்தையை யாரிடமோ தூக்கிக் கொடுத்துவிட்ட மாதிரி மனசு கனத்தது.

பத்திரிகை வந்த அன்றே பீரோவின் வீட்டில் இழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. விலாங்குக்கோ கால் தரையில் பாவவில்லை. சனிக்கிழமை மாலை அரங்கத்தில் மணி அடித்ததும் கணிப்பாளர் தன் கண்களை நம்பாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

விலாங்கு விலகி நகரவில்லை. எப்படியும் தான்தான் ஜெயிக்கப் போகிறோம் என்று உறுதியாகிவிட்ட பிறகு எதற்கு ஓட வேண்டும்? கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி மேடை நடுவில் நிமிர்ந்து, நேராக முன்னால் வந்தான். பீரோ ஓடினான். அத்தனை பெரிய உடம்பை வைத்துக்கொண்டு கயிற்றோரமாகச் சுற்றிச் சுற்றி ஓடினான். இரண்டு ரவுண்டும் ஒல்லி துரத்த, குண்டு நழுவ, கூட்டம் யாருக்குக் கைதட்டுவது என்று தெரியாமல் விழித்தது.

“நகருடா! டேய், நகரு!” என்று கணிப்பாளர் நாற்காலி மேல் ஏறி நின்று தொண்டை கிழியக் கத்தினார். பதினோரு வருடத்தில் அவர் யாருக்காகவும் கத்தியதில்லை.

மூன்றாவது ரவுண்டில் விலாங்கு பீரோவை மூலையில் மடக்கினான். பீரோ கண்களை இறுக்க மூடிக்கொண்டு, ‘கிட்ட வராதே’ என்பது போல இடது கையை நீட்டினான். விலாங்கு முழு வேகத்தில் அந்தக் கைமேல் போய் விழுந்தான். நடுவர் பத்து வரை எண்ணியும் அவன் எழுந்திருக்கவில்லை. பீரோ கண்ணைத் திறந்து, யார் அடித்தது என்று சுற்றும் முற்றும் பார்த்தான்.

அப்புறம் நடந்ததெல்லாம் கணிப்பாளருக்குக் கனவு மாதிரி இருந்தது. “மூணாவது ரவுண்டுன்னு சொன்னாரே, மனுஷனா இவரு!” என்று முன்பின் தெரியாதவர்கள் அவரைத் தோளில் தூக்கினார்கள். பீரோவின் அம்மாள் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஆசிரியர் மட்டும் வெளிறிப் போயிருந்தார். “இனிமே உங்களை எப்படிய்யா நம்புறது?” என்றார். கணிப்பாளருக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கக்கேடுதான், ஆனாலும் ஒரு நிமிடம் நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

உடை மாற்றும் அறையில் மச்சினன் தனியாக உட்கார்ந்திருந்தான். தாடையில் ஐஸ் பொட்டலம். கிளவுஸ் இரண்டும் குப்பைக்கூடைக்குள் கிடந்தன.

“அக்கா எங்கடா?”

“வெளிய அழுதுட்டு இருக்கு.” அவன் ஐஸ் பொட்டலத்தை மறு கைக்கு மாற்றினான். “மாமா, ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு நாங்க ஆபீசுக்கு வந்து தொந்தரவு பண்ணாம இருந்திருந்தாலும் நீங்க இதையேதான் எழுதியிருப்பீங்க, இல்ல? நாலு வருஷமா கூடவே இருந்து பார்க்குறீங்க. நான் தேற மாட்டேன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.”

வெளியே இன்னும் அவருக்காகத்தான் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். ஆமாம் என்று தலையாட்டினால் போதும். பதினோரு வருடம் ஏங்கிய ஒன்று கடைசிவரை அவருடையதாகவே இருக்கும், யாரும் பங்கு கேட்டு வர மாட்டார்கள்.

“இல்லடா,” என்றார். “நீதான் ஜெயிப்பேன்னு நினைச்சேன். எட்டு ரவுண்டும் போய், புள்ளியில. உன் அக்கா சொன்னாளேன்னு மாத்தி எழுதினேன்.”

மச்சினன் நிமிர்ந்தான். “அப்ப இதுவும் தப்பா?”

“இதுவும் தப்புதான். நாப்பத்து நாலு.”

அவன் சிரிக்கப் போய், உதடு வலித்து, தாடையைப் பிடித்துக்கொண்டான். பிறகு எழுந்து போய்க் கூடைக்குள் கையை விட்டு ஒரு கிளவுஸை எடுத்தான், இன்னொன்றையும் எடுத்தான்.

“அப்ப அடுத்த தடவை நான் தோத்துடுவேன்னு நினைச்சுக்குங்க மாமா. எழுதக்கூட வேணாம். மனசுல நினைச்சாலே போதும்.”

கணிப்பாளர் கண்ணை மூடிக்கொண்டு நிஜமாகவே முயன்று பார்த்தார். கண்ணைத் திறந்து, இல்லை என்று தலையசைத்தார்.

“அது மட்டும் என்னால முடியாதுடா,” என்றார்.