மிஞ்சிய குழி

மண்வெட்டி பலகையில் இடித்தது. குழிக்குள் நின்ற கூலியாட்கள் இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். மேலே நின்றிருந்த தர்ஸா தன்னையறியாமல் கணவன் லைமனின் கையைப் பற்றிக்கொண்டாள்.

"நிறுத்துங்கடா," என்றார் ராஸ்மஸ். அவர் குழிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். துப்பாக்கியை யார் மேலும் நீட்டவில்லை, ஊன்றுகோல் போலத் தரையில் ஊன்றியிருந்தார். "உள்ள யாருன்னு தெரியாம ஒருத்தனும் பெட்டியைத் தொடக் கூடாது."

"வெயில் ஏறுது பெரியவரே," என்றான் லைமன். "அங்க வண்டியில பொணம் காத்துக்கிட்டு இருக்கு."

வண்டியில் இருந்தது தர்ஸாவின் அப்பா ஏனோக். நேற்று விடியலில் உயிர் பிரிந்தது. சவப்பெட்டியின் மேல் நனைத்த சாக்குகளைப் போட்டிருந்தார்கள். அவை அதற்குள் காய்ந்து விறைத்துவிட்டன. உன் அம்மா கெசியாவின் பக்கத்தில் என்னைப் போடு என்பதுதான் அவர் மகளிடம் கடைசியாகத் தெளிவாகச் சொன்னது.

ஆனால் கெசியா கிடந்த இந்த ஆற்றங்கரை இனி இடுகாடு இல்லை. இங்கே ரயில் வரப்போகிறது. ஊரை உண்டாக்கியவர்களின் எலும்புகளையெல்லாம் வசந்தம் தொடங்கி மேட்டிலிருக்கும் புது இடுகாட்டுக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். இந்த ஓரத்துக் குழிதான் பாக்கி.

இங்கே முன்பு இரண்டு குழிகள் இருந்தன. ஊர் தோன்றிய முதல் குளிர்காலத்தில் நிலம் இரும்பாக இறுகிக் கிடந்தது. ஓரிடத்தில் இரண்டு நாள் தீ மூட்டி மண்ணை இளக்கினார்கள். இளகிய இடத்தில் அந்த வாரம் செத்த இரண்டு பேரையும் புதைத்தார்கள். ஒருத்தி, காய்ச்சலில் போன கெசியா. இன்னொருவன் நெல்ஸ், ராஸ்மஸின் தம்பி. குதிரை திருடினான் என்று ஊரார் அவனை மரத்தில் தூக்கிலிட்டார்கள். கயிற்றைப் பிடித்த எட்டுப் பேரில் ஏனோக்கும் ஒருவர். பனி உருகியதும் அந்தக் குதிரை தானாகவே லாயத்துக்குத் திரும்பி வந்தது. அதைப் பற்றி ஊரில் யாரும் பேசியதில்லை. பிற்பாடு புல்வெளியில் பரவிய தீயில் இருவரின் மரச்சிலுவைகளும் எரிந்தன. போன ஆண்டு வெள்ளம் கரையை அரித்து ஒரு குழியை அப்படியே இழுத்துக்கொண்டு போனது. எது போனது, எது மிஞ்சியது என்று சொல்ல ஆளில்லை.

ஊர்சபையின் சைரஸ் பீல் கழுத்து வியர்வையைத் துடைத்தார். "தர்ஸாம்மா, நீங்களே இறங்கிப் பாருங்க. உங்க அம்மான்னா கொண்டு போகலாம்."

"என் தம்பின்னா?"

"ராஸ்மஸ், சபையில எத்தனை தடவை சொல்லியாச்சு? தூக்குல தொங்கினவனுக்கு மேட்டுல இடம் கிடையாது."

"அப்ப மூடிட்டு மேல தண்டவாளம் போடுவீங்க."

"நான் என்னய்யா பண்ணட்டும்?"

"லாயத்துல படுத்துக் கிடக்கிறவன் நான். சொந்தமா கையகலம் மண்ணு இருந்தா உங்க வாசலுக்கு வந்திருப்பேனா?" துப்பாக்கி மெல்லத் தரையை விட்டு எழும்பியது. "அவன்னா, மண்ணள்ளிப் போட முதல்ல வர்றவனைச் சுடுவேன்."

லைமன் ஓரடி முன்னே வைத்தான். தர்ஸா அவன் மார்பில் கைவைத்து நிறுத்தினாள். பாவாடையைச் சுருட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கினாள். கூலியாட்கள் மேலேறிக்கொண்டார்கள்.

உள்ளே குளிர்ந்திருந்தது. கால்மாட்டுப் பலகை உளுத்துப் பிளந்து கிடந்தது. மண்டியிட்டு விரல்களால் மண்ணை விலக்கினாள். கறுத்துச் சுருங்கிய தோல் தெரிந்தது. ஒரு பூட்ஸ். அகன்ற குதிகால், ஆணுடையது.

அம்மாவைக் கம்பளிக் காலுறையோடுதான் புதைத்தார்கள். அவளுடைய ஒரே ஜோடி பூட்ஸை அப்பா கழற்றி வைத்துக்கொண்டார். அதை வளர்ந்த பிறகு தேயத் தேயப் போட்டு நடந்தவள் தர்ஸாதான்.

கரைக்குக் கீழே ஆறு ஓடும் ஓசை கேட்டது. அவள் அதைக் கேட்டபடி அசையாமல் இருந்தாள்.

"என்னம்மா? தெரியுதா?" என்றார் சைரஸ்.

நிமிர்ந்தாள். ராஸ்மஸின் தாடை நடுங்குவது கீழிருந்து தெரிந்தது. அவருக்குப் பின்னால், வண்டியில், காய்ந்த சாக்குகளைச் சுற்றி ஈக்கள் மொய்த்தன.

தோளிலிருந்த கறுப்புச் சால்வையை எடுத்துப் பிளவின் மேல் விரித்தாள்.

"அம்மாதான்," என்றாள்.

ராஸ்மஸின் தோள்கள் தொய்ந்தன. ஆற்றைப் பார்த்தார். பிறகு துப்பாக்கியை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தார்.

"ராஸ்மஸ் ஐயா!" அவள் குரல் வேண்டியதைவிட உரக்க வந்தது. "பெட்டி உளுத்துப்போச்சு. தூக்க ஒரு கை கொடுங்க. கால்மாட்டுப் பக்கம் நீங்க பிடிங்க."

"அந்த ஆளு எதுக்கு? நான் வரேன்," என்றான் லைமன்.

"அவர் வரட்டும்."

ராஸ்மஸ் தயங்கி இறங்கினார். குனிந்து பலகைக்கு அடியில் கைகொடுத்தபோது சால்வை நழுவியது. அவர் கை அப்படியே நின்றது. பிறகு சால்வையை இழுத்து, ஓரங்களைப் பலகைக்கு அடியில் செருகினார். அவள் முகத்தைப் பார்த்தார். அவள் பார்வையை விலக்கவில்லை.

"கனமா இருக்கா?" என்று மேலிருந்து கேட்டார் சைரஸ்.

"இல்ல," என்றார் ராஸ்மஸ். "மெதுவா, தாயி. மெதுவாத் தூக்கு."

மேட்டில் ஊரார் காத்திருந்தார்கள். ஏனோக்கின் பெட்டியைக் கயிறு கட்டி இறக்கினார்கள். போதகர் ஜெபித்தார். எல்லோரும் தலை கவிழ்ந்து நிற்க, ராஸ்மஸ் மட்டும் தொப்பியை எடுக்காமல் நின்றார். லைமன் பல்லைக் கடித்தான். "கொழுப்பு பார் அந்த ஆளுக்கு," என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

அடுத்து, கறுப்புச் சால்வை சுற்றிய பழைய பெட்டி பக்கத்தில் இறங்கியது. அப்போது அவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். நரைத்த முடி காற்றில் பறந்தது.

"பரவாயில்ல, கெசியாவுக்காவது மரியாதை செய்யத் தெரியுதே," என்றாள் போதகரின் மனைவி.

தர்ஸா குனிந்து ஒரு கைப்பிடி மண் எடுத்தாள்.