லேமினேஷன் போட்ட பட்டம்

ஹேமலதாவின் பட்டச் சான்றிதழுக்கு ஆரணி பஸ் ஸ்டாண்டு எதிரே லேமினேஷன் போட்டுக்கொண்டு வந்தவர் அவள் அப்பா பரசுராமன். அது இரண்டாயிரத்து ஒன்று. செல்லரிக்கக் கூடாது, மழைத்தண்ணி படக் கூடாது, பார்க்க வருகிறவர்கள் எண்ணெய்க் கையால் தொட்டாலும் கறை பிடிக்கக் கூடாது. பார்க்க வராதவர்களுக்கும் அவரே எடுத்துப்போய்க் காட்டினார். வீட்டில் முதல் இன்ஜினீயர், அதுவும் கம்ப்யூட்டர். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தப் படிப்பு அவளைப் படுத்திய பாட்டையும் சொல்ல வேண்டும். அவள் முடித்த வருஷம் பார்த்தா கம்பெனிகள் ஆளெடுப்பதை நிறுத்த வேண்டும்? மூன்று வருஷம் ஊரிலேயே டைப்பிங் சொல்லிக்கொடுத்தாள். அப்புறம் சென்னையில் ஒரு சின்னக் கம்பெனி. அதையும் போன தீபாவளியோடு மூடிவிட்டார்கள். பி.இ. முதல் வகுப்பு, இருபத்தெட்டு வயசு, வீட்டில் சும்மா. "அவ்ளோ படிச்சு இன்னாத்த கிழிச்சா" என்று தெருவில் பேசியது அவள் காதுக்கும் வந்தது. வராமல் எப்படி, சத்தமாகத்தானே பேசினார்கள்.

2007 பங்குனியில் துபாயிலிருந்து ஒரு வேலை கூடிவந்தது. டெலிபோனில் கேட்ட கேள்விகளில் பாதி கல்லூரி இரண்டாம் வருஷத்துப் பாடம். பழைய நோட்டின் பக்கங்கள் கண்ணில் தெரிய, மடமடவென்று சொன்னாள். படித்த படிப்பு ஒருவழியாகக் கைகொடுத்தது. கம்பெனி கேட்டது ஒன்றே ஒன்று: அசல் பட்டத்தின் பின்பக்கம் அரசாங்க முத்திரை, பத்து நாளுக்குள். தவறினால் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

சென்னையில் முத்திரை போடும் அலுவலகத்தில் இருந்த அம்மாள் சான்றிதழை விரலால் தட்டிப் பார்த்தாள்.

"பிளாஸ்டிக் மேல சீல் நிக்காதும்மா. உரிச்சு எடுத்துனு வா. இல்லன்னா யுனிவர்சிட்டில டூப்ளிகேட் கேளு. மூணு மாசம் ஆவும்."

மூன்று மாசம் எங்கே, மீதியிருந்த நாலு நாள் எங்கே! திரும்பும் பஸ்ஸில் ஹேமலதா வெட்கம் பார்க்காமல் அழுதாள்.

பரசுராமன் புடவைக் கடையில் பட்டுக்கு இஸ்திரி போடுகிறவர். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் செத்துப்போயிற்று. அன்றைக்குச் சோற்றைத் தொடவில்லை. மறுநாள் மத்தியானம் கடையிலிருந்து இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"பட்டுப் பொடவையே கருகாம தேய்க்கிறவன் நானு. காகிதம் எம்மாத்திரம்?"

"வாணாம் நைனா, கிழிஞ்சிடும்."

"கிழியாது. நான்தான கெடுத்தேன், நானே சரி பண்றேன்."

அவளுக்கும் வேறு வழி தெரியவில்லை. சான்றிதழை விரித்து மேலே பழைய வேட்டித் துணியைப் போட்டு, இளஞ்சூட்டில் தேய்த்துத் தேய்த்து, ஓரத்தை நகத்தால் கிளப்பினார். பிளாஸ்டிக் மெல்ல மெல்லப் பிரிந்தது. ஒரு கிழிசல் இல்லை, ஒரு சுருக்கம் இல்லை. அவர் கை அப்படி. ஹேமலதா கண்ணை மூடி எல்லா சாமியையும் கும்பிட்டாள்.

"பாரு," என்று நீட்டினார்.

பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தது. அதன் முத்திரை இருந்தது, கையெழுத்து இருந்தது. அவள் பேர் இல்லை. மற்றதெல்லாம் அச்சகத்தில் அடித்தது. பேர் மட்டும் கம்ப்யூட்டர் பிரிண்டரில் போட்டது. அந்த மை சூடுபட்டால் இளகி பிளாஸ்டிக்கோடு போய்விடும். நாலு வருஷம் கம்ப்யூட்டர் படித்தவளுக்கு இது முன்னாலேயே தோன்றியிருக்க வேண்டாமா? பாழாய்ப்போன அவசரத்தில் தோன்றவில்லை.

சொல்லாமல் மறைத்துவிடலாமா என்று நினைத்தாள். அதற்குள் பரசுராமன் குனிந்து தேட ஆரம்பித்துவிட்டார். இங்கிலீஷில் அவருக்குப் படிக்கத் தெரிந்தது அந்தப் பேர் ஒன்றுதான். எத்தனையாவது வரி என்பதுகூட அவருக்கு மனப்பாடம்.

"பேரு எங்கம்மா?"

உரித்துப்போட்ட பிளாஸ்டிக்கை அவரே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பேர் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. காகிதத்தில் காலியாய்க் கிடந்த இடம் பார்த்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து, அதைத் திரும்ப வைத்தார். மறுபடி பெட்டியை எடுத்தார்.

"ஒட்டிக்கும்மா. இரு, ஒட்டிக்கும்."

"போதும் நைனா." அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் பெட்டியை விடவே இல்லை.