டிரம்பெட்காரரின் முன்பல்

வடக்கே நம்மவர்கள் குடியேறிய கட்கியில் மாதா திருவிழா ஊர்வலம் கிளம்பினால் பாண்டுக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பவர் இருதயராஜ். பிழைப்பு வெடிமருந்துத் தொழிற்சாலையில், உயிர் டிரம்பெட்டில். அப்பேர்ப்பட்ட மனிதர் இந்த ஜூலை மழையில் வாயைப் பொத்திக்கொண்டு திரிந்தார். மேல் முன்பற்கள் ஆட்டம் கண்டுவிட்டன. டிரம்பெட்டை உதட்டில் வைத்து அழுத்தினால் வலியில் உயிர் போனது, வந்தது வெறும் காற்று. செப்டம்பரில் திருவிழா.

குற்றம் யாருடையது? அவருடையதேதான்! பாண்டுக்காரர்கள் எல்லோரையும் போல அவரும் வருஷக்கணக்காக மிஸ்ரி தேய்த்தார். புகையிலையைக் கருக்கி இடித்த பொடி அது. தேய்த்தால் ஈறு இறுகும், உச்ச ஸ்வரம் நிற்கும் என்று அவர்களுக்குள் ஒரு நம்பிக்கை. ரத்தம் கசிந்தபோது இன்னொரு சிட்டிகை கூடப் போட்டுத் தேய்த்தார் நம் புத்திசாலி.

"பல்லப் பிடுங்கணும். இல்லேன்னா ஈறக் கிழிச்சுத் தைப்பாங்க" என்று டிரம் அடிக்கும் சுப்பையா வேறு பீதியைக் கிளப்பிவிட்டார். பொய்ப்பல்லை வைத்துக்கொண்டு உச்ச ஸ்தாயியா? இருதயராஜுக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி பவுன் பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள் பைக்கின் பின்னால் ஏறி உட்கார்ந்து, "வண்டிய ஔந்து ஆஸ்பத்திரிக்கு விடுங்க" என்றாள்.

அங்கே ஈறு டாக்டர் ஷபானா பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் மெல்லிய கம்பியை விட்டு ஆழம் பார்த்தாள். நம்ம ஊர்ப் பெண்தான், தமிழ் மட்டும் கொஞ்சம் தடுக்கும், நடுநடுவே இந்தி வரும்.

"கத்தி இப்ப வேணாம் அங்கிள். ஈறுக்குக் கீழ ஜமா ஆகிக் கெட்டிப்பட்ட காரைய வேர் வரைக்கும் சுரண்டி எடுக்கறேன். மரத்துப்போக ஊசி போடுவேன், டரோ மத், பயப்படாதீங்க."

"பல்லு நிக்குமா தாயி? நான் டிரம்பெட் ஊதுறவன்."

"பாதி என் வேலை, பாதி உங்க வேலை. சரியாகற வரைக்கும் டிரம்பெட்டத் தொடாதீங்க. மிஸ்ரி ஏக்தம் பந்த், இனிமே தொடவே கூடாது. ரத்தத்த அது மறைச்சுதான் நோய் இவ்வளவு தூரம் வந்திருக்கு."

காரை சுரண்டி முடிந்து வீட்டுக்கு வந்ததும் பவுன் மிஸ்ரி டப்பாவைச் சாக்கடையில் கவிழ்த்தாள். ஐயோ, அப்புறம் அவர் பண்ணின அழிச்சாட்டியம்! மழையைத் திட்டினார், டீயைத் திட்டினார். பல்லிடுக்கில் விட்டுத் தேய்க்கும் குட்டி பிரஷ்ஷைப் பார்த்து, "இது பல்லு விளக்கவா, காது குடையவா?" என்று சீறினார். பவுன் பக்கத்திலேயே நின்றாள். அவர் தேய்த்து முடிக்கிற வரைக்கும் டீ கிடையாது.

மெல்ல மெல்ல ரத்தம் நின்றது, வீக்கம் வடிந்தது. ஆகஸ்ட் கடைசியில் ஷபானா மறுபடி கம்பி விட்டுப் பார்த்தாள். முன்பல்லை அசைத்துப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"பஹுத் படியா! ஈறு நல்லா ஒட்டிடுச்சு. கத்திக்கு வேலையே இல்ல. ஆனா செக்கப்புக்கு வந்துட்டே இருக்கணும்."

"ஊதலாமா?"

"மெதுவா ஆரம்பிங்க."

திருவிழா அன்று தேர் நகர்ந்தது. இருதயராஜ் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு டிரம்பெட்டை உதட்டில் வைத்தார். ஸ்வரம் ஏறியது, இன்னும் ஏறியது, உச்சியில் போய்ப் பிசிறில்லாமல் நின்றது. சுப்பையா டிரம் அடிக்க மறந்து வாயைப் பிளந்தார்.

பவுனுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது, சிரிப்பும் முட்டியது. கூட்டத்தில் எம்பி நின்று, சாமி காரியம் என்றுகூடப் பார்க்காமல் கத்தினாள்: "ஏங்க, இன்னொரு தடவ!"

ஊதினார்.